'எடை கம்மி, தண்ணியும் கம்மி' என்கிறதா ஸ்கேன் ரிப்போர்ட்? வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது? முழு விளக்கம்

"பிள்ளை எடை கொஞ்சம் கம்மியா இருக்கும்மா. தண்ணியும் குறைவா காட்டுது. அடுத்த வாரம் டாப்ளர் ஸ்கேன் பார்த்துடலாம்."

தென்காசி, கடையநல்லூர், சுரண்டை, ஆலங்குளம் என எந்த ஊராக இருந்தாலும் சரி, ஏழாம் மாதம், எட்டாம் மாதம் ஸ்கேனுக்குப் போய்விட்டு வரும் கர்ப்பிணிகளில் சிலர் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் ஆச்சி ஒரே வரியில் முடித்துவிடுவார். "அதுக்கு என்னத்துக்கு அழுத? வெளிய வந்ததும் தேத்திக்கிடலாம்."

எடையைப் பொறுத்தவரை ஆச்சி சொல்வது பெரும்பாலும் சரிதான். தாய்ப்பால் கொடுத்து, கவனமாகப் பார்த்தால் எடை ஏறிவிடும். ஆனால் பிறந்த பிறகு தேற்றவே முடியாத ஒன்று குழந்தையின் உடம்பில் இருக்கிறது. அது சிறுநீரகத்துக்குள் இருக்கும் வடிகட்டிகளின் எண்ணிக்கை.

எடை குறைவதும், பனிக்குட நீர் குறைவதும் ஏன் பல நேரம் ஒன்றாகவே வருகின்றன? அதற்கும் குழந்தையின் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? பார்க்கலாம்.

பனிக்குட நீர் எங்கிருந்து வருகிறது?

பலருக்கும் இது ஆச்சரியமாக இருக்கலாம். கர்ப்பத்தின் பாதிக் காலத்துக்குப் பிறகு குழந்தையைச் சுற்றி இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான்.

குழந்தை அந்த நீரை விழுங்கும். அது உடம்புக்குள் போய், சிறுநீரகம் வழியாக மறுபடி வெளியே வரும். இந்தச் சுழற்சி நடந்துகொண்டே இருக்கும். 34 வாரம் வாக்கில் சுமார் 800 மில்லி அளவுக்கு நீர் இருக்கும். குழந்தை கை, கால் அசைக்கவும், நுரையீரல் வளரவும் இந்த நீர் அவசியம்.

இதில் அசுத்தம் எதுவும் இல்லை. காரணம், வயிற்றில் இருக்கும் வரை குழந்தையின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலையை நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்கிறது. கழிவெல்லாம் தாயின் ரத்தத்துக்குப் போய், தாயின் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. குழந்தையின் சிறுநீரகத்துக்கு அப்போது இருக்கும் முக்கிய வேலை, தண்ணீரை உண்டாக்குவது.

அதனால்தான் டாக்டர்கள் தண்ணீர் அளவை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள். வயிற்றை நான்கு பகுதியாகப் பிரித்து அளந்து கூட்டினால் 5 செ.மீ.க்குக் கீழே, அல்லது ஆழமான ஓர் இடத்தில் அளந்தால் 2 செ.மீ.க்குக் கீழே என்றால் 'நீர் குறைவு' என்று எழுதுவார்கள். அந்த எண் குழந்தையின் சிறுநீரகத்துக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதற்கான ஒரு மறைமுக அறிகுறி.

ஆனால் நீர் குறைய வேறு காரணங்களும் உண்டு. பனிக்குடம் லேசாகக் கசியலாம். குழந்தையின் சிறுநீர்ப் பாதையில் அடைப்பு இருக்கலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

எடை குறைந்தால் தண்ணீர் ஏன் குறைகிறது?

இதைப் புரிந்துகொள்ள குற்றாலம் வரை போய்விட்டு வரலாம்.

ஆனி, ஆடியில் சாரல் நன்றாக இருந்தால் மெயின் அருவி, ஐந்தருவி எல்லாம் கொட்டும். சிற்றாறு நிறையும். அணைக்கட்டு, கால்வாய் வழியாக வரிசையாக எல்லாக் குளங்களும் பெருகும். சாரல் பொய்த்த வருஷம் என்ன ஆகும்? இருக்கிற தண்ணீர் முதலில் குடிதண்ணீருக்குத்தான். மற்றதெல்லாம் அப்புறம். கடைசியில் இருக்கும் குளம் காய்ந்தே கிடக்கும்.

வயிற்றில் இருக்கும் குழந்தையும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது. நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜனும் சத்தும் குறைந்தால், குழந்தையின் உடம்பு ஒரு முடிவு எடுக்கிறது. மூளை, இதயம், அட்ரீனல் சுரப்பி ஆகியவற்றுக்குப் போகும் ரத்தத்தைக் காப்பாற்றுகிறது. சிறுநீரகம், குடல், கை கால் தசைகளுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது.

உயிர் பிழைக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் விலை கொடுப்பது சிறுநீரகம். ரத்தம் குறைந்தால் சிறுநீர் குறையும். சிறுநீர் குறைந்தால் பனிக்குட நீர் குறையும். ஸ்கேனில் தலை சரியான அளவில் இருக்க, வயிற்றுச் சுற்றளவு மட்டும் குறைவாக இருக்கும். இந்த அறிகுறிகள் சேர்ந்து வருவது இதனால்தான்.

டாப்ளர் ஸ்கேன் இந்த ரத்த ஓட்டத்தைத்தான் பார்க்கிறது. தொப்புள்கொடி ரத்தக் குழாயில் ஓட்டம் எப்படி, மூளைக்குப் போகும் குழாயில் எப்படி என்று ஒப்பிட்டால், குழந்தை இந்த 'சிக்கன நிலை'க்குப் போய்விட்டதா என்று தெரியும்.

சின்னக் குழந்தை எல்லாமே வளர்ச்சி குன்றிய குழந்தையா?

இல்லை. இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள்.

அம்மா, அப்பா இருவருமே சிறிய உடல்வாகு என்றால் குழந்தையும் சிறியதாக இருக்கலாம். ஆனால் தன் பாதையில் ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்கும். டாப்ளரும் நார்மலாக இருக்கும். இது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

வளர்ச்சி குன்றிய குழந்தை வேறு. அது எட்ட வேண்டிய அளவை எட்ட முடியாமல் தடைபட்டு நிற்கும் குழந்தை. அதே வாரத்தில் இருக்கும் 100 குழந்தைகளை எடைப்படி வரிசையாக நிறுத்தினால் கடைசி 10 இடத்துக்குள் வருவது ஓர் எச்சரிக்கை. கடைசி 3 இடத்துக்குள் என்றால் தீவிரமாகப் பார்ப்பார்கள். ஒரு ஸ்கேன் போதாது. இரண்டு, மூன்று வார இடைவெளியில் வளர்ச்சி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். "போன தடவைதான் எடுத்தோமே, திரும்ப எதுக்கு ஸ்கேன்?" என்று தட்டிக் கழிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தேற்ற முடியாத அந்த ஒன்று எது?

சிறுநீரகத்துக்குள் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 லட்சம் அளவுக்கு இருக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் இது ரொம்பவே மாறும். சிலருக்கு 2 லட்சம்தான், சிலருக்கு 20 லட்சத்துக்கும் மேலே.

இந்த வித்தியாசம் எப்போது முடிவாகிறது? பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே.

கர்ப்பத்தின் ஐந்தாவது வார வாக்கில் நிரந்தர சிறுநீரகம் உருவாகத் தொடங்குகிறது. பத்து வாரத்தை ஒட்டி சிறுநீர் வர ஆரம்பிக்கிறது. 34 முதல் 36 வாரத்துக்குள் நெஃப்ரான் உருவாகும் வேலை முடிந்துவிடுகிறது. மொத்த நெஃப்ரான்களில் சுமார் 60 சதவீதம் கடைசி மூன்று மாதத்தில்தான் உருவாகின்றன. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் எடை தடைபடுவதும் பல நேரம் இதே மாதங்களில்தான்.

அதன் பிறகு? புது நெஃப்ரான் வராது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் பிறந்த பிறகும் சில வாரங்கள் வேலை தொடரும், அப்புறம் நின்றுவிடும். நல்ல சாப்பாடு, டானிக், ஊசி எதுவும் எண்ணிக்கையைக் கூட்டாது. இருக்கிறதுதான் ஆயுசுக்கும்.

1992-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு, வயிற்றில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்கள் கணிசமாகக் குறைவாக இருப்பதைக் காட்டியது. பிறந்து ஒரு வயது வரை இருந்த குழந்தைகளிலும் அந்தக் குறை ஈடுகட்டப்படவில்லை. 2003-ல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில், பிறப்பு எடையில் ஒவ்வொரு கிலோ வித்தியாசத்துக்கும் ஒரு சிறுநீரகத்தில் சுமார் இரண்டரை லட்சம் வடிகட்டிகள் வித்தியாசம் வருவதாகக் கணக்கிட்டார்கள்.

நெஃப்ரான் குறைவாக இருந்தால் என்ன ஆகும்?

பிறந்தவுடன் பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது. குழந்தை பால் குடிக்கும், சிறுநீர் கழிக்கும், சிரிக்கும். ரத்தப் பரிசோதனைகூட நார்மலாக வரலாம். இருக்கிற நெஃப்ரான்கள் கூடுதலாக உழைத்துச் சமாளித்துவிடும்.

பத்துப் பேர் பார்க்க வேண்டிய வேலையை ஆறு பேர் பார்ப்பது மாதிரிதான். வேலை நடக்கும். ஆனால் அந்த ஆறு பேரும் ஓவர்டைம் பார்த்துச் சீக்கிரம் களைத்துப் போவார்கள். அதேபோல் நெஃப்ரான் ஒவ்வொன்றும் பெரிதாகி, அதற்குள் அழுத்தம் கூடி, வருஷங்கள் போகப் போகத் தழும்பாகத் தொடங்கும். புரதம் சிறுநீரில் கசியும். ரத்த அழுத்தம் ஏறும். ஏறிய ரத்த அழுத்தம் மிச்சம் இருக்கும் நெஃப்ரான்களையும் அடிக்கும்.

இந்தக் கருத்தை 1988-ல் முன்வைத்தவர் அமெரிக்க சிறுநீரக மருத்துவர் பேரி பிரென்னர். அதே காலகட்டத்தில், பிறப்பு எடை குறைந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் அதிகம் வருவதை பிரிட்டனின் டேவிட் பார்க்கர் எடுத்துச் சொன்னார். பிரென்னர் சொன்னதற்கு 2003-ல் ஜெர்மனியில் இருந்து ஒரு வலுவான ஆதாரம் வந்தது. விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எண்ணிப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் இருந்த 10 பேருக்கு ஒரு சிறுநீரகத்தில் சுமார் 7 லட்சம் வடிகட்டிகள். அது இல்லாத 10 பேருக்கு சுமார் 14 லட்சம். சரிபாதி.

பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கணக்கை முழுசாகப் பார்த்தால் புரியும்.

நார்வேயில் 1967 முதல் 2004 வரை பிறந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பிறப்பு எடையில் கடைசி 10 சதவீதத்தில் இருந்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 1.7 மடங்கு. ஆனால் 20 லட்சம் பேரில் அந்த நிலைக்குப் போனவர்கள் மொத்தமே சில நூறு பேர்தான். அதாவது எடை குறைந்து பிறந்த பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்துவிட்டு நன்றாக வாழ்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆபத்து கூடுவது, மேலே மேலே சுமை ஏறும்போதுதான். அதில் முக்கியமானவை சர்க்கரை நோய், உடல் பருமன், ரத்த அழுத்தம். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பிறப்பு எடையைப் பதிவு செய்து, அவர்கள் பெரியவர்கள் ஆகும்வரை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பின்தொடர்ந்தார்கள். சின்ன வயதில் ஒல்லியாக இருந்து, வளரும் பருவத்தில் வேகமாக எடை போட்டவர்களுக்குச் சர்க்கரை பிரச்சினை அதிகம் வருவது தெரிந்தது.

ஆச்சியின் 'தேத்திக்கிடலாம்' இங்கேதான் சிக்கலாகிறது. எடை ஏற வேண்டும், ஆனால் கொழுக்க வேண்டியதில்லை. சர்க்கரை போட்ட பால், டப்பா மாவு, பாக்கெட் தின்பண்டம் கொடுத்து குண்டாக்கினால், ஏற்கெனவே குறைவாக இருக்கும் நெஃப்ரான்கள் மேல் இன்னும் சுமை ஏற்றுகிறோம்.

நம்ம ஊர்ப் பக்கம் கவனிக்க வேண்டியவை

வளர்ச்சி குன்றுவதற்குத் தாயின் ரத்த அழுத்தம், ரத்தசோகை, சத்துக்குறைவு, நோய்த்தொற்று, இரட்டைக் குழந்தை, குழந்தையின் மரபணுக் குறை எனப் பல காரணங்கள் உண்டு. எந்தக் காரணமும் இல்லாமலும் நடக்கலாம். தாயைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. ஆனால் தென்காசி, நெல்லைப் பக்கம் தனியாகச் சொல்ல வேண்டிய மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பீடி. இந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவது பெண்கள் சுற்றும் பீடியால்தான். மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் புகையிலைத் தூளைத் தொடும்போது, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோடின் உடம்புக்குள் போகிறது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நஞ்சுக்கொடியையும் தாண்டிப் போகும். "வேலையை விட்டுடு" என்று சொல்வது சுலபம், கூலி யார் கொடுப்பார்? முடிந்தால் கர்ப்ப காலத்திலாவது, முக்கியமாகக் கடைசி மாதங்களில், வீட்டில் வேறு யாராவது அந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாம். முடியாவிட்டால் காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தூள் படிந்த சேலையை மாற்றுங்கள். 'நான் பீடி சுத்துறேன்' என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, வலி மாத்திரை. உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் இடுப்பு வலி வரும். உடனே மெடிக்கலில் ஒரு மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு எடுத்தால் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் எச்சரித்தது. எந்த வலி மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரைகளிலும் சில வகை கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதே நேரம், டாக்டர் எழுதிக் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது. அது வேறு காரணத்துக்காகக் கொடுக்கப்படுவது.

மூன்றாவது, 'கம்மியா சாப்பிடு, பிள்ளை பெருத்துட்டா சுகப்பிரசவம் ஆகாது' என்ற பேச்சு. கடைசி மூன்று மாதத்தில் சாப்பாட்டைக் குறைப்பது நெஃப்ரான் உருவாகும் நேரத்தில் கை வைப்பது மாதிரி. பருப்பு, முட்டை, கீரை, மீன், பால், கூடவே இரும்புச்சத்து மாத்திரை. இதில் சிக்கனம் வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறார்கள். அந்தப் பெட்டகம் தாய்க்கானது. வீட்டில் எல்லாருக்கும் பங்கு போடுவதற்கு அல்ல.

நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுமா?

தாய்க்கு உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருந்தால் ஓரளவு உதவும். வெயிலில் வேலை பார்ப்பவர்கள் கண்டிப்பாகக் குடிக்க வேண்டும். ஆனால் நஞ்சுக்கொடியில்தான் பிரச்சினை என்றால், இளநீர் குடித்து அதைச் சரி செய்ய முடியாது. 'தண்ணி குடிச்சுப் பார்ப்போம்' என்று டாப்ளர் ஸ்கேனைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து.

வயிற்றிலேயே குழந்தையை வளரவைக்கும் மருந்தும் இன்று வரை இல்லை. சில்டெனாஃபில் மருந்தை முயன்று பார்த்தார்கள். நெதர்லாந்தில் பிறந்த குழந்தைகள் சில இறந்ததால் 2018-ல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது.

அப்படியானால் டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்? அடிக்கடி கண்காணித்து, வெளியே எடுக்கச் சரியான நாளைத் தேர்வு செய்கிறார்கள். சீக்கிரம் எடுத்தால் நுரையீரலும் சிறுநீரகமும் முழுசாக ஆகியிருக்காது. ரொம்பத் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இந்த முடிவுக்காகத்தான் தென்காசி அரசு தலைமை மருத்துவமனையோ திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ போகச் சொல்வார்கள். பச்சிளம் குழந்தை சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்தில் பிரசவம் நடப்பது குழந்தைக்கு நல்லது. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் மட்டும் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. உடனே கிளம்ப வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு என்ன செய்யணும்?

* முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைக்கும் 'கங்காரு' முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

* வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் இந்தக் குழந்தைகள் சீக்கிரம் சோர்ந்துபோவார்கள். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக், வலி மருந்துகள் உண்டு என்பதால், பிறப்பு எடையை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* எல்லாக் குழந்தைகளுக்கும் 3 வயதில் இருந்து ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-ல் பரிந்துரைத்தது. எடை குறைந்தோ, மிகக் குறைமாதத்திலோ பிறந்த குழந்தைகளுக்கு அதற்கு முன்பே பார்க்க வேண்டும். குழந்தைக்கான சிறிய பட்டை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

* அவ்வப்போது சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள். ரொம்பச் சுலபமான சோதனை. தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய 'சிறுநீரகம் பாதுகாப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பெரியவர்களுக்கு இந்தச் சோதனை செய்கிறார்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

* உப்பு, பாக்கெட் தின்பண்டம் குறைவாக. ஓடி விளையாட விடுங்கள்.

* பெண் குழந்தை என்றால் இன்னொன்று. அவள் வளர்ந்து கர்ப்பமாகும்போது, தான் எடை குறைந்து பிறந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு ரத்த அழுத்தத்தை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு எண்ணை மறக்காதீங்க

நெஃப்ரான் எத்தனை என்று உயிரோடு இருப்பவருக்கு எண்ணிச் சொல்லும் சாதாரணப் பரிசோதனை எதுவும் மருத்துவமனைகளில் இல்லை. நம் கையில் இருக்கும் ஒரே குறிப்பு பிறப்பு எடை. இந்தியாவில் எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் பேர் இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்ததாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொன்னது. ஆனால் 'நீங்க பிறந்தப்போ எத்தனை கிலோ?' என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

மகப்பேறு அட்டையில், டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த எண் இருக்கும். தடுப்பூசி முடிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இப்போதே எடுத்து ஒரு போட்டோ பிடித்து, எத்தனை கிலோ, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்ற இரண்டையும் போனில் குறித்து வையுங்கள். முப்பது வயதில் அந்தப் பிள்ளைக்கு முதல் முறையாக பி.பி. ஏறும்போது, எதிரே இருக்கும் டாக்டருக்கு அந்த ஒரு வரி நிறையச் சொல்லும்.